பேரைச் சொன்னால் மணி அடிக்கும்

கப்பலில் இருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, லெப்டினன்ட் ஓவியாவுக்கு, கீழ்பென்னாத்தூரிலிருந்து உன் தாத்தா வேடியப்பன் ஆசீர்வாதம் செய்து சொல்வது என்னவென்றால், இங்கு மாடு நலம், கன்று நலம், வேர்க்கடலை நலம், சவுதியில் உன் அப்பாவும் நலம் என்று போன் வந்தது. நானும் உன் அம்மா தனமும் நலம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். நலமில்லை என்று சொன்னால் நீ நடுக்கடலில் பயந்துபோவாய். ஆகையால் அந்த வரியை விட்டுவிட்டு மேலே போகிறேன். எழுத்து என்னுடையது இல்லை என்பது உனக்குத் தெரியும், எனக்குக் கைநாட்டோடு சரி. பக்கத்து வீட்டுத் தையல்கார முன்னி பேகம் எழுதுகிறாள். நான் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும், நடுவில் அவள் சமாச்சாரம் எதுவும் சேர்க்கக் கூடாது என்று பேச்சு. அதற்கு அவள், "நீங்க மொதல்ல மூச்சு வுட்டு பேசுங்கண்ணா, எழுதறவளுக்கும் கை வலிக்கும்"னு சொன்னாள். அதையும் எழுதிவிட்டாள் பார்.

கப்பல் கரையை விட்டுப் போனால் போன் எடுக்காது என்று நீ சொல்லிவிட்டுப் போனது நல்லதாகப் போயிற்று. இது போனில் சொல்கிற விஷயம் இல்லை. அடுத்த துறைமுகத்தில் தபால் பை வந்து இது உன் கைக்குச் சேரும்போது, சாவகாசமாக உட்கார்ந்து படி. படித்துவிட்டு யாரையும் திட்டாதே. திட்டுவது என்றால் என்னை மட்டும் திட்டு. ஏன்னா, உன் கல்யாணத்த நான் கெடுத்துட்டேன் கண்ணு.

நீ கப்பல் ஏறும்போது சொன்னது எனக்கு அட்சரம் மறக்கல. "தாத்தா, மாறனோட அப்பா உங்க ரெண்டு பேரையும் ஞாயித்துக்கிழம சாப்பாட்டுக்குக் கூப்பிடுவாரு. நல்ல மனுஷங்க, போயிட்டு வாங்க. நீ கப்பல்ல முடி வெட்டினவன்னு மாறனுக்குத் தெரியும், அவங்கப்பாவுக்கு இன்னும் சொல்லல. நேரம் பாத்து நான் சொல்லிக்கறேன். நீ மறைக்கவும் வேணாம், முந்திரிக்கொட்ட மாதிரி முந்திக்கினு சொல்லவும் வேணாம்"னு சொன்ன. சரின்னேன். ஆனா உங்கம்மாவுக்கு அது பத்தல. விருந்து அன்னிக்கு பஸ்சுல ஏறினதுலேர்ந்து காதுல ஓதிக்கினே வந்தா. "அப்பா, நேவியில இருந்தேன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல கேட்டா இருமு." நான் கேட்டேன், "இருமி முடிச்ச பிற்பாடும் கேட்டா?" "மறுபடி இருமு. உன் வயசுக்கு யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க"ன்னா. உங்கம்மாவக் கொறை சொல்லாத. மாறனோட அப்பாரு பெரிய கேப்டனா ரிடையர் ஆனவரு, அவ அப்பாரு பொட்டியத் தூக்கிக்கினு கப்பல் கப்பலா தாடி செரச்சவன். எங்க கீழ எறக்கிடுவாங்களோன்னு அவளுக்கு பயம்.

ரமணாசிரமம் தாண்டி செங்கம் ரோட்டுல உள்ளார திரும்பினா, வெள்ளக்காரங்க காப்பி குடிக்கற கடையெல்லாம் முடியற எடத்துல ஒரு காம்பவுண்டு. பன்னெண்டு வீடு. அத்தனையிலயும் ரிடையர் ஆன நேவி ஆபீசருங்க, அண்ணாமலையார் காலடியில கடைசி காலத்த கழிக்கலாம்னு வந்தவங்க. வாசல்ல வெள்ளையடிச்ச நங்கூரம் ஒண்ணு இருக்குது. கடலு பாண்டிச்சேரியில இருக்குது, இந்த நங்கூரத்த எடுத்துட்டா மலையா நவுந்து போயிடப் போவுதுன்னு நெனச்சேன், சொல்லல. வாட்ச்மேன் இருசப்பன் நம்ம ஏரியாக்காரன்தான், "சார் கரைக்குப் போயிருக்காரு, உக்காருங்க"ன்றான். உங்கம்மாவுக்கு மூஞ்சி வெளுத்துப் போச்சு, விருந்துக்குக் கூப்ட்டுட்டு மனுஷன் எந்த ஊருக்குப் போயிட்டாருன்னு. அஞ்சு நிமிஷத்துல பாத்தா, ஸ்கூட்டர்ல முருங்கக்கா கட்டு மாட்டிக்கினு மாறன் அப்பா கேப்டன் ராஜமாணிக்கம் வர்றாரு. காம்பவுண்ட தாண்டி கால வெச்சா அவங்க பாஷையில கரைக்குப் போறது. கப்பல்ல நானும் அப்படித்தான் பேசினவன், எனக்குப் புரிஞ்சுது. ஆனா நாங்க கரைக்குப் போறோம்னா மாசக்கணக்கா தண்ணியப் பாத்து கண்ணு பூத்துப் போயி, மண்ண மிதிச்சா காலு ஆடும். இவங்க முருங்கக்காய்க்குப் போயிட்டு வந்துடறாங்க.

நடுவுல ஒரு ஹாலு கட்டியிருக்காங்க, அதுக்குப் பேரு வார்ட்ரூம். கப்பல்ல ஆபீசருங்க ஒண்ணா உக்காந்து சாப்புடற எடம் அதுன்னு உனக்குத் தெரியும், எழுதற முன்னி பேகத்துக்காக சொல்றேன். கேப்டன் பெருமையா சொல்லிக்கினே கூட்டிக்கினு போறாரு, "கப்பலுக்கே தலைவரானாலும் வார்ட்ரூமுக்குள்ள கூப்ட்டாத்தான் வரணும், கூப்பிடாம வாசப்படி மிதிக்க மாட்டாரு, அது எங்க மரியாதை"ன்னு. இருவத்திரண்டு வருஷம் கப்பல்ல இருந்தேன், வார்ட்ரூம் வாசப்படிய நான் தாண்டினதில்ல. பெரிய ஆபீசருங்களுக்கு அவங்க ரூமுக்கே போயி வெட்டுவேன். சின்ன ஆபீசருங்க நான் முடி வெட்டற பொந்துக்கு வருவாங்க. வார்ட்ரூம் கதவாண்ட போனா கறி வாசனையும் சிரிப்பு சத்தமும் வெளிய வரும், அவ்ளோதான். எழுவத்தெட்டு வயசுல, கடலே இல்லாத ஊர்ல, மொதோ தடவ வார்ட்ரூமுக்குள்ள கால வெக்கிறேன். வெச்ச காலு தரையில படல, டங்குனு மணி அடிக்குது.

வரவேத்து அடிக்கிறாங்கன்னு நெனச்சு நான் கும்புடு போட்டேன். மணிக்கயித்த புடிச்சிக்கினு நின்னவரு கமாண்டர் சுரேஷ்குமாராம், நேவியில விமானம் ஓட்டினவரு. "வார்ட்ரூமுக்குள்ள தலைய மூடிக்கினு வந்தா குத்தம் பெரியவரே"ன்னாரு. வெயிலுக்குன்னு புதுத் துண்ட தலப்பா கட்டியிருந்தேன். உங்கம்மா அத உருவின வேகத்துல காதும் கூட வந்திருக்கணும். குத்தம் பண்ணவரு எல்லாருக்கும் ஒரு சுத்து வாங்கி ஊத்தணுமாம். கப்பல்ல அது சரக்கு. இங்க ஆசிரமத்து பக்கத்துல இருந்து இருந்து எல்லாரும் கறிய வுட்டு, குடிய வுட்டு, வாழத்தண்டுக்கு வந்துட்டாங்க, அதனால நன்னாரி சர்பத்து. விருந்தாளி பண்ற குத்தம் அழைச்சிக்கினு வந்தவர் தலையில. ஆக மொத சுத்து கேப்டன் சார்பா வந்துது. அவரு சிரிச்சாரு. மொத சுத்துக்கு எல்லாரும் சிரிப்பாங்க.

சாப்பாட்டு மேஜையில எட்டு பேரு. ஆபீசருங்க, வீட்டம்மாங்க, ஜன்னல்ல நேரா மலை. கூட்டு, பொரியல், வத்தக்கொழம்பு, எல்லாம் பிரமாதம். உங்கம்மா எமகண்டம் முடியட்டும்னு கடியாரத்தயே பாத்துக்கினு இருந்துட்டு, முடிஞ்ச நிமிஷத்துல தொண்டைய செருமிக்கினு ஆரம்பிச்சா: "எங்க ஓவியா வந்து..." டங்கு.

உங்கம்மா எழுந்தே நின்னுட்டா. கமாண்டர் சொல்றாரு, "தப்பா நெனைக்காதீங்கம்மா, வார்ட்ரூம் மேஜையில பொம்பளைங்க பேரு சொல்லக் கூடாது. அந்தக் காலத்து சட்டம். குடிச்சிட்டு எவனாவது ஒருத்தி பேர இழுத்து சண்ட வரக் கூடாதுன்னு வெச்சது." உங்கம்மா கேட்டா பாரு ஒரு கேள்வி, "பொண்ணு பேச்சு பேச வந்திருக்கோம், பொண்ணு பேர சொல்லாம எப்படிங்க பேசறது?" கேப்டன் வீட்டம்மா அப்பளத்த நொறுக்கிக்கினே சொன்னாங்க, "முப்பத்தஞ்சு வருஷமா என் பேர இந்த மாதிரி மேஜையில யாரும் சொன்னதில்லம்மா. ரேஷன் கார்டுல பாத்துத்தான் ஞாபகம் வெச்சிக்கினு இருக்கேன்."

அப்பால ஆரம்பிச்சுது ரகள. கேப்டன் சொல்றாரு, "அந்தப் பொண்ணு சர்வீஸ்ல இருக்கற ஆபீசர். ஆபீசர் பேர சொல்றதுல குத்தமே இல்ல." கமாண்டர் ஒத்துக்கல. "ஆபீசரா இருந்தாலும் பொம்பள பேரு பொம்பள பேருதான். தண்ணிக்கு அடியிலயே சர்வீஸ் பூரா முங்கிக் கெடந்தவங்களுக்கு வார்ட்ரூம் சட்டம் எங்க தெரியும்?" கேப்டன் நீர்மூழ்கிக் கப்பல்காரரு இல்லயா, அவருக்கு சுருக்குனு ஏறிடுச்சு. "சாயங்காலம் ஆனா பறந்து வந்து வீட்டு சோறு துன்னவங்க எனக்கு சொல்லித் தர வேணாம்"ன்னாரு. உங்க நேவியில இத்தன ஜாதி இருக்குதுன்னு எனக்கு அப்பத்தான் நெனப்பு வந்துது கண்ணு. மெதக்கறவன் முங்கறவன மதிக்க மாட்டான், முங்கறவன் பறக்கறவன மதிக்க மாட்டான், எஞ்சின் பாக்கறவன மூணு பேரும் மதிக்க மாட்டாங்க. நான் பாத்த வரைக்கும் துண்ட கழுத்துல சுத்தி சோப்பு நுரைய பூசிட்டா ஒருத்தனுக்கும் ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியாது. அதையும் சொல்லல. இருமினேன்.

கடைசியில அலமாரியிலேர்ந்து ஒரு பழைய புஸ்தகத்த எடுத்து, கண்ணாடிய தேடி, தீர்ப்பு சொன்னாங்க: பேரு சொல்லக் கூடாது, லெப்டினன்ட்டுன்னு சொல்லிக்கலாம். அதுலயும் சிக்கல். மாறனும் லெப்டினன்ட். "எங்க லெப்டினன்ட்டுக்கு கோவம் வந்தா சாப்ட மாட்டா"ன்னு உங்கம்மா சொல்ல, "எங்க லெப்டினன்ட்டு கோவம் வந்தாத்தான் சாப்புடுவான்"னு அந்த வீட்டம்மா சொல்ல, நல்லாத்தான் போய்க்கினு இருந்துது. அதுக்குள்ள நான் பெரும தாங்காம, "சின்னதுல எங்க ஓவியா..."ன்னுட்டேன். டங்கு. மூணாவது சுத்து. எட்டு பேருக்கு முன்னாடியும் சர்பத்து. ஒவ்வொரு மணிக்கும் கேப்டன் சிரிப்பு ஒரு சுத்து கொறஞ்சுக்கினே வருது.

அந்த சர்பத்து ஜாடிக்கும் சட்டம் இருக்குது. கையில தூக்கக் கூடாது, கப்பல் ஆடினா கொட்டிடுமாம், மேஜையோட மேஜையா தள்ளணும். எடது கைப் பக்கம் இருக்கறவருக்குத்தான் தள்ளணும். நல்லா கவனிச்சு பாத்தா அது கிரிவலம் சுத்தற மாதிரியே சுத்துது. இது நம்மூரு பழக்கமாச்சேன்னு எனக்கு தைரியம் வந்துது. ஜாடி எங்கிட்ட வந்த நேரம் பாத்து, என் வலது பக்கம் உக்காந்திருந்த உங்கம்மா கூட்டுல கெடந்த பச்ச மொளகாய கடிச்சிட்டா. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி. பெத்த பொண்ணு பொறையேறி சாவறா, ஜாடி எட்டு பேர சுத்தி வர்ற வரைக்கும் எந்த அப்பன் காத்துக்கினு இருப்பான்? தூக்கி வலது பக்கம் குடுத்துட்டேன். தூக்கினது ஒரு குத்தம், எதிர்ப்பக்கம் குடுத்தது இன்னொரு குத்தம். மலைய அப்பிரதட்சணமா சுத்தினவன பாக்கற மாதிரி பாக்கறாங்க. டங்கு. ரெண்டுக்கும் சேத்து ஒரே மணியா அடிச்சதுக்கு கமாண்டருக்கு நன்றி சொன்னேன்.

இப்ப என் நெலமைய யோசிச்சுப் பாரு. நாலு தடவ மணி, நாலு சுத்து சர்பத்து, எழுவத்தெட்டு வயசு. அழைச்சவர் எழுந்திரிக்கற வரைக்கும் மேஜைய வுட்டு ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாதுன்னு சட்டம். ஒண்ணுக்கு போறதுக்கும் அனுமதி வாங்கணும். கப்பல்ல இந்த சட்டமெல்லாம் எங்க இருந்துது? மழைக்காலத்துல கப்பல் ஆடற ஆட்டத்துல தட்டு ஒரு பக்கம் போவும், சாம்பார் ஒரு பக்கம் போவும், கெடச்சத நின்னுக்கினே வாயில போட்டுக்கினு ஓடுவாங்க. கரையில குடியிருந்தாத்தான் கப்பல் பழக்கம் இவ்ளோ சுத்தமா இருக்கும் போல. நான் காலு மேல காலு போட்டுக்கினு மலையப் பாத்து அண்ணாமலையார வேண்டிக்கினு இருக்கேன், கமாண்டர் மறுபடி கேப்டன சீண்டறாரு. "தண்ணிக்கு அடியில அலையே கெடையாது, நீங்க எங்க கப்பலாட்டம் பாத்தீங்க?" கேப்டன் மேஜையத் தட்டறாரு. "நீர்மூழ்கிக்குப் போறதுக்கு முன்னாடி மேல ஓடற கப்பல்லயும் ரெண்டு வருஷம் இருந்தவன் நான். எண்பத்தஞ்சு ஜூலை, எப்பேர்ப்பட்ட காத்து! என் கூட சேந்தவன் அத்தன பேரும் சுருண்டு கெடந்தான். நான் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ கூட வாந்தி எடுத்தது கெடையாது." தட்டின வேகத்துல அவரு ஸ்பூன் கீழ விழுந்துது. எடுக்கறதுக்கு குனிஞ்சாரு.

அங்கதான் வந்துது வென. எனக்கு மூஞ்சி மறந்துபோவும் கண்ணு, தலை மறக்காது. இருவத்திரண்டு வருஷத்துல என் கைக்கு வந்த தலை ஒண்ணொண்ணும் எனக்கு கணக்கா தெரியும். குனிஞ்ச தலையில பின்னால இரட்டைச் சுழி. ஒண்ணு வலமா, ஒண்ணு எடமா. எண்பத்தஞ்சு ஜூலையில, லட்சத்தீவு பக்கம் நாங்க போய்க்கினு இருந்தப்போ, மீச முளைக்காத ஒரு சின்ன ஆபீசரு என் பொந்துக்குள்ள வந்து கதவ சாத்திக்கினாரு. முடி வெட்ட வரல. என் பிஸ்கட் டப்பாவ எடுத்து, நாலு நாளு அதுல வாந்தி எடுத்தாரு. சுக்கு இடிச்சிக் குடுத்தேன். நாற்காலியில உக்காந்துக்கினு அம்மாகிட்ட போவணும், வேலைய எழுதிக் குடுத்துடறேன்னு அழுதாரு. யாராவது கதவத் தட்டினா, சாருக்கு முடி வெட்டறேன்னு சொல்வேன். நாலு நாளு முடி வெட்டினா தலையில இன்னா இருக்கும், ஒருத்தரும் கேக்கல. அஞ்சாம் நாளு எழுந்து, தொப்பி வெச்சிக்கினு, வெளிய போனாரு. அந்தத் தலையில இதே இரட்டைச் சுழி. நான் இத யாருக்கும் சொன்னதில்ல. நாற்காலியில உக்காந்து பேசினத வெளிய சொல்றவன் எங்க தொழில்ல இருக்கவே கூடாது. நீ வீட்டு மனுஷின்னு உனக்கு சொல்றேன், முன்னி பேகம் காதுல விழாத மாதிரி எழுதிக்கினு இருக்கா.

சத்தியமா அதுக்கும் வாயத் தொறக்கல. ஆனா அந்த சுழிக்கு கீழ, பின்கழுத்துல பாத்தேன். படி படியா வெட்டி வெச்சிருக்கான் எவனோ. வாய் தானா தொறந்துக்கிச்சு. "அய்யா, பின்னால படி விழுந்திருக்குது பாருங்க. வெட்டினவன் சீப்ப சாச்சு புடிச்சிருக்கான்"னுட்டேன். கேப்டன் நிமுந்தாரு. "உங்களுக்கு எப்படி தெரியும்?"ன்னாரு. உங்கம்மா மேஜைக்கு கீழ என் காலை மிதிக்கிறா. இருமலாம்னு பாத்தேன், இருமினா சர்பத்து நாலு சுத்தும் அங்கயே வந்துடும். "நான் இருவத்திரண்டு வருஷம் கப்பல்ல முடி வெட்டினவன்யா"ன்னேன். அதோட நின்னுருந்தா தேவல. "உங்க தலையும் என் கையில வந்துதுதான். எண்பத்தஞ்சு ஜூலை, அந்த டப்பா..."ன்னு ஆரம்பிச்சு, நாக்க கடிச்சிக்கினு நிறுத்திட்டேன்.

கேப்டன் மூஞ்சியில ரத்தம் இல்ல. கை தானா பின்கழுத்துக்குப் போவுது. "எந்த டப்பா?"ன்னு கமாண்டர் கேக்கறாரு. எனக்கு அதுக்கு மேல தாங்கல. "அய்யா, போவலாமா?"ன்னு கேட்டேன். ஒண்ணுக்கு போறதுக்குத்தான் கேட்டேன். அவரு என்னாத்துக்குன்னு புரிஞ்சிக்கினாரோ, மலையப் பாத்துக்கினு உக்காந்திருந்தாரு. எழுந்துட்டேன். டங்கு. அஞ்சாவது மணி என் முதுகுல விழுந்துது. திரும்பி வந்து பாத்தா உங்கம்மா வாசல்ல பையோட நிக்கிறா. அந்த வீட்டம்மா மட்டும், "பாயசம் இருக்குதுங்க, இருங்க"ன்னு வாசல் வரைக்கும் வந்தாங்க. கேப்டன் வரல.

பஸ்சுல ஊரு ஸ்டாப்பிங் வர்றப்போ உங்கம்மா, "இருமுன்னுதானேப்பா சொன்னேன்"ன்னா. எறங்கி நடக்கறப்போ இன்னொண்ணும் சொன்னா. "நீ வெட்டின முடியிலதான் நான் பத்தாவது படிச்சேன், என் பொண்ணு ஆபீசர் ஆனா. அத அங்க சொல்ல எனக்கு வாய் வரல பாருப்பா." தலப்பாவ கட்டிக்கினு நடந்தேன்.

இன்னியோட நாலு நாளு ஆச்சு. அவங்க வீட்லேர்ந்து ஒரு போன் இல்ல. அவரோட நாற்காலி ரகசியத்த பெரிய மனுஷங்க நடுவுல பாதி வரைக்கும் இழுத்துட்டேன், எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவரு எங்க கூட சம்பந்தம் பேசுவாரு? அவங்களா வேணாம்னு சொல்றதுக்கு முன்னாடி நீயே மாறனுக்கு நல்லபடியா ஒரு வார்த்த சொல்லி முடிச்சிக்கோ, நமக்கும் கவுரவமா இருக்கும். பையன் தங்கமான பையன், அவன திட்டாத. தப்பு என்னுது. ஆனா ஒண்ணு சொல்றேன், தலையப் பாத்த விஷயத்துல மட்டும் நான் தப்பு பண்ணல. அந்த இரட்டைச் சுழி அதே இரட்டைச் சுழிதான். அதுல தப்பு இருந்தா என் கத்தரிய எடுத்துப் போயி ஏரியில போட்டுடறேன்.

கடல் காத்துல காது மூடிக்கோ. வாந்தி வந்தா வெக்கப்படாத, சுக்கு இடிச்சு உன் பையில வெச்சிருக்கேன், நீலத் துணியில முடிஞ்சிருக்குது. அண்ணாமலையார் உனக்கும், உன் கப்பலுக்கும், அதுல முடி வெட்டற மனுஷனுக்கும் தொணையா இருக்கணும். அவர நான் கேட்டதா சொல்லு. இப்படிக்கு, இடது கைப் பெருவிரல் வைத்த உன் தாத்தா, வேடியப்பன்.

பின்குறிப்பு: மேலே எழுதினது அத்தனையும் அடிச்சிடு. நானே அடிச்சி அனுப்பலாம்னா, "ஏழு பக்கம் எழுதினது, ஒரு கோடு போட வுட மாட்டேன்"னு சொல்லிட்டு முன்னி பேகம் ஆரணிக்கு கல்யாணத்துக்குப் போயிட்டா. இப்ப எழுதறவரு வேற ஆளு. எழுத்து கோணலா இருந்தா அவர கொறை சொல்லாத, கழுத்த சுத்தி துணி கட்டியிருக்குது, மடியில அட்டைய வெச்சிக்கினு எழுதறாரு.

காலையில மாட்டுக்கு தண்ணி காட்டிட்டு திரும்பறேன், வாசலுக்கு வெளிய வீட்டம்மாவ கூட்டிக்கினு கேப்டன் ராஜமாணிக்கம் நிக்கிறாரு. தலையில ஒண்ணும் இல்ல, சுள்ளுனு வெயிலு. கேட்டு தொறந்துதான் கெடக்குது. "ஏன்யா வெளியவே நிக்கிறீங்க?"ன்னேன். "நீங்க இன்னும் கூப்பிடலயே"ன்னாரு. கூப்ட்டேன். உள்ள வந்ததும் தலையத் திருப்பிக் காட்டி, "படி விழுந்திருக்குன்னு சொன்னீங்களே, சரி பண்ண முடியுமா?"ன்னு கேட்டாரு. உங்கம்மாதான் நாற்காலிய எடுத்தாந்து போட்டா. பொட்டியையும் அவளேதான் எறக்கினா.

மொத கத்தரி போட்டதும் பேச ஆரம்பிச்சாரு. நாற்காலியில உக்காந்தா எல்லாரும் பேசுவாங்க. எண்பத்தஞ்சு ஜூலையில அவரு என் கப்பல்ல இல்லவே இல்லயாம் கண்ணு. வேற கப்பலு, வங்காள விரிகுடா. என்னைய அவரு ஞாயித்துக்கிழமதான் மொதோ தடவ பாத்தாராம். அப்பறம் ஏன்யா அப்படி வெளுத்துப் போனீங்கன்னு கேட்டேன். "என் கப்பல்லயும் ஒருத்தர் முடி வெட்டினாரு, தெலுங்குக்காரரு. அவரு நாற்காலியிலதான் நானும் அழுதேன். பிஸ்கட் டப்பா இல்ல, பெயிண்ட் டப்பா. நீங்க டப்பான்னதும் அந்த மனுஷன் உங்ககிட்ட சொல்லிட்டாருன்னு நெனச்சுட்டேன்"னாரு. எங்க ஆளுங்க ஒருத்தரும் சொல்ல மாட்டாங்கன்னேன். அது தெரியும்னாரு. அன்னிக்கு சாயங்காலமே அவரே வார்ட்ரூம்ல எழுந்து சொல்லிட்டாராம், நான் வாந்தி எடுத்தேன், அழுதேன்னு. உடனே கமாண்டர் விமானத்துல தான் நெரப்பின பையெல்லாம் சொல்லியிருக்காரு. அப்பால ஒவ்வொருத்தரும் எழுந்து அவங்க அவங்க டப்பாவ சொல்ல ஆரம்பிச்சு, இத்தன நாளு ஆயும் இன்னும் முடியலயாம். அதனாலதான் போன் வரலயாம். அப்ப என் இரட்டைச் சுழி ஆபீசரு யாரோ, எந்த ஊர்ல கெடக்கறாரோ தெரியல. நான் சொன்ன சொல்லுக்கு கத்தரிய ஏரியில போடணும். இவரு தலைய முடிச்சிட்டு போடறேன். எழுதறவரு ஏதோ சொந்தமா எழுதணுமாம். எழுதட்டும்.

லெப்டினன்ட் ஓவியா அவர்களுக்கு. இல்லை, அடித்துவிட்டேன். ஓவியாவுக்கு. உன் தாத்தா மேலே சொன்னதில் விட்டுப்போனது ஒன்று: நான் ஒரே ஒரு வாரம்தான் அழுதேன். என் மனைவி புஷ்பராணியும் நானும் மாறனுக்காக உன்னைக் கேட்டு இந்த வீட்டுக்கு வந்திருக்கிறோம். அவள் உள்ளே உன் அம்மாவோடு உன் குழந்தைப் பருவத்து போட்டோ பார்த்துக்கொண்டிருக்கிறாள். உன் பேர் இதுவரை நூறு தடவை காதில் விழுந்துவிட்டது. இரண்டு பெண்கள் பேரை நானும் எழுதிவிட்டேன். இங்கே மணி இல்லை. உன் தாத்தாவின் சம்மதத்தைக் கேட்டேன். "மொதல்ல தலையக் குனிங்க" என்கிறார். குனிந்துவிட்டேன். என் கண்ணாடியைக் கழற்றிவிட்டார், இதற்கு மேல் காகிதம் தெரியவில்லை.